ஒரு கிலோ துணியும் அரைக்கிலோ உப்பும்: தண்ணீரின்றிச் சாயமேற்றும் முறைகள்



தண்ணீர் இல்லாமல் துணிக்குச் சாயம் ஏற்றும் முறைகளைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். உலகச் சந்தையில் இந்தப் பெயரோடு இன்று பல இயந்திரங்கள் வந்துவிட்டன. எத்தனை லிட்டர் தண்ணீர் மிச்சம் என்ற கணக்கைச் சொல்லித்தான் அவற்றை விற்கிறார்கள். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் கொங்கு நாட்டில் நின்று பேசும்போது அதற்கு முன்னால் வேறொரு கணக்கைக் கேட்டாக வேண்டும். ஒரு கிலோ துணிக்குச் சாயம் ஏற்றினால் எவ்வளவு உப்பு வெளியே வருகிறது? இந்த அளவுகோலை வைத்தே ஒவ்வொரு முறையையும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கான காரணத்தை நொய்யலிலிருந்து தொடங்குகிறேன்.

நிறம் போயிற்று, உப்பு போகவில்லை

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது நொய்யலாறு. அதன் குறுக்கே சென்னிமலைக்கு அருகில் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. திருப்பூரின் பனியன் ஏற்றுமதி வேகமாக வளர்ந்த காலம் அது. சில ஆண்டுகளுக்குள் அணையில் தேங்கியதில் பெரும்பகுதி சாயக்கழிவாகிவிட்டது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பது விவசாயிகளின் வழக்கம். இங்கே கீழ்ப்பகுதி விவசாயிகள் திறக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அரசும் தொழிலும் சும்மா இருந்துவிடவில்லை. 1990-களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பையும் ஃபெரஸ் சல்பேட்டையும் கலந்து, சாயத்தைச் சகதியாகப் படியவைத்து, தெளிந்த நீரை ஆற்றில் விட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த நிறம் பெருமளவு குறைந்தது. ஆனால் நீரில் கரைந்திருந்த உப்பு அப்படியே இருந்தது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. சாயக்கழிவில் அது 5,000-க்கும் மேல் இருந்தது. சுண்ணாம்பு அந்த உப்பைத் தொடுவதில்லை, நுண்ணுயிர்களும் அதைத் தின்பதில்லை. ஆற்றோரக் கிணறுகளில் இறங்கி, அங்கிருந்து பாசனத்தோடு தோட்டத்துக்குப் போய், மண்ணிலேயே தங்கிவிட்டது. தென்னை காய்ப்பு விட்டதும், கால்நடைகள் கிணற்றுத் தண்ணீரை மறுத்ததும் இந்த உப்பினால்தான். நிறத்தைப் பார்த்துக் கோபப்பட்டோம். நிலத்தைக் கெடுத்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு.

வழக்குகள் நடந்தன. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. அது நடைமுறைக்கு வராமல் போகவே, 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அந்த மாதங்களில் வேலையிழந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களையும் நாம் மறந்துவிடக் கூடாது. பின்னர் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு மாறின.

இந்த மாற்றத்தைப் பெருமையோடுதான் சொல்கிறேன். உயிரியல் சுத்திகரிப்பு, அதன்பின் ஆர்.ஓ., அதிலும் மிஞ்சும் அடர்ந்த உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கிகள் என்று ஒரு நீண்ட வரிசை அது. தண்ணீரின் பெரும்பகுதி பட்டறைக்கே திரும்புகிறது. உப்பிலும் ஒரு பங்கு மீண்டும் பயன்படுகிறது. சாயத்தொழிலில் இத்தனை பெரிய அளவில் இதைச் செய்துகாட்டிய ஊர்கள் உலகில் மிகக் குறைவு.

ஆனால் அதற்கான விலையைத் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆவியாக்கிகள் பல அடுக்குகளாக அமைந்து அந்த வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலும் பாய்லருக்கு விறகு போய்க்கொண்டேதான் இருக்கிறது. கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கிடங்கில் சேருகிறது. ஆற்றுக்குப் போகாத உப்பு இப்போது ஷெட்டுக்குள் இருக்கிறது. நுழைந்த உப்பை வெளியே எடுப்பது இவ்வளவு கடினம் என்றால், அது நுழையாமலே சாயம் ஏற்ற முடியுமா என்று கேட்பதுதான் முறை.

பருத்தி ஏன் உப்புக் கேட்கிறது

இதைப் புரிந்துகொள்ளச் சாயக் குளியலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். திருப்பூர்ப் பருத்தித் துணியில் பெரும்பாலும் ஏறுவது ரியாக்டிவ் சாயம். 1856-இல் வேதியியலாளர் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். சரியாக நூறாண்டு கழித்து, 1956-இல், பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் ரியாக்டிவ் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தச் சாயம் பஞ்சின் செல்லுலோசோடு வேதிப் பிணைப்பே கொள்கிறது. அதனால்தான் துவைக்கத் துவைக்க நிறம் நிற்கிறது.

சிக்கல் அந்தப் பிணைப்புக்கு முன்பே தொடங்குகிறது. தண்ணீரில் மூழ்கிய பருத்தியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொள்கிறது. கரைந்த சாயமும் எதிர்மின் தன்மை உடையது. இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. நடுவில் நின்று அந்த விலக்கத்தைத் தணித்து, சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவது உப்பு. சாதா உப்பாகவோ கிளாபர் உப்பாகவோ லிட்டருக்கு 30 கிராமில் தொடங்கி, கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களுக்கு 80 கிராம் வரை போடுகிறார்கள். ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் குளியல் என்று இன்றைய நல்ல சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அடர்நிறத்துக்கு 480 கிராம் உப்பு வேண்டும், கிட்டத்தட்ட அரைக்கிலோ. அதில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்காது. சாயத்தைக் கொண்டுசேர்த்த பின் முழுவதும் கழிவாக வெளியேறும்.

அடுத்து சோடா சாம்பல் போட்டுக் குளியலைக் காரமாக்குகிறார்கள். அப்போதுதான் சாயம் பஞ்சோடு பிணையும். ஆனால் அதே நேரத்தில் தண்ணீரும் சாயத்தோடு வினைபுரிகிறது. போட்ட சாயத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை இப்படித் தண்ணீரோடு சேர்ந்து பயனற்றுப் போய்விடும். துணியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்த வீண் சாயத்தை நீக்கத்தான் சுடுநீரில் அலசல், சோப்பு, மறுபடி அலசல் என்று குளியல்மேல் குளியல். கிலோ துணிக்கு 50 முதல் 100 லிட்டர் வரை தண்ணீர் செலவானதற்கு முக்கியக் காரணம் இந்த அலசல்தான். ஆக, சாயத்தைச் சுமந்து செல்வதும் தண்ணீர், அதை வீணாக்குவதும் தண்ணீர், வீணானதைக் கழுவுவதும் தண்ணீர்.

கரியமில வாயுவில் ஏறும் நிறம்

தண்ணீர் வேண்டாம் என்றால் சாயத்தை எது சுமக்கும்? இதற்கு மிக அழகான விடை 1980-களின் இறுதியில் ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரத் துணிநூல் ஆய்வு மையத்தில் பிறந்தது. ஷோல்மேயர் தலைமையிலான குழு கரியமில வாயுவைத் தேர்ந்துகொண்டது. 31 டிகிரி வெப்பத்துக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேல் அந்த வாயு ஒரு விசித்திர நிலைக்கு வருகிறது. திரவத்தைப் போல் பொருள்களைக் கரைக்கும், வாயுவைப் போல் நுண்துளைகளுக்குள் புகும். இதை மீமாறுநிலை என்கிறோம். காபிக்கொட்டையிலிருந்து காஃபீனை நீக்குவதற்கும், மிளகு, ஏலம் போன்றவற்றிலிருந்து சாறு எடுப்பதற்கும் இதே நிலையைத் தொழிற்சாலைகள் பயன்படுத்துகின்றன.

சாயமேற்றும்போது தடித்த எஃகுக் கலத்துக்குள் பாலியெஸ்டர் துணியைச் சுருளாக வைக்கிறார்கள். ஏறத்தாழ 120 டிகிரி வெப்பமும் 250 பார் அழுத்தமும் கொடுக்கிறார்கள். கடலுக்குள் இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது. அந்த நிலையில் கரியமில வாயு, பாலியெஸ்டருக்குரிய டிஸ்பர்ஸ் சாயத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு, பாலியெஸ்டர் இழையைத் தளர்த்தி, உள்ளே கொண்டு சேர்க்கிறது. வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்தால் வாயு வாயுவாகிவிடும், மிஞ்சிய சாயம் தூளாக விழும். அந்த வாயுவில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை மீண்டும் பயன்படுத்தலாம். துணி உலர்ந்தே வெளியே வரும். ஸ்டென்டரில் ஓட்டி ஈரம் போக்க வேண்டியதில்லை.

இதனால் மிச்சமாவது தண்ணீர் மட்டும் அன்று. சாதாரண முறையில் டிஸ்பர்ஸ் சாயம் தண்ணீரில் கரையாது. அதைப் பரப்பி நிறுத்தத் துணைப்பொருள்கள் வேண்டும். கடைசியில் மேலே ஒட்டிய சாயத்தை அகற்றக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் போட்டு அலச வேண்டும். வாயு முறையில் இந்தத் துணைப்பொருள்களும் இல்லை, அவற்றைச் சுமந்து செல்லும் கழிவுநீரும் இல்லை.

இதைத் தொழிலாக்கியது நெதர்லாந்தின் டைகூ நிறுவனம். 2008-இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் இயந்திரத்தை முதலில் நிறுவியது தாய்லாந்தின் யே குழுமம். 2012-இல் நைக்கி நிறுவனமும் அடுத்த ஆண்டு ஐக்கியா நிறுவனமும் டைகூவோடு கைகோத்தன. 2013 இறுதியில் தைவானில் ஃபார் ஈஸ்டர்ன் ஆலையிலும் தண்ணீரில்லாச் சாயப் பிரிவு தொடங்கியது. இது ஆய்வுக்கூடக் கனவு என்று இனி யாரும் ஒதுக்கிவிட முடியாது.

இப்போது நம் அளவுகோலைக் கொண்டு வருவோம். பாலியெஸ்டருக்கு உப்பு தேவையா? பழைய தண்ணீர் முறையிலேயே டிஸ்பர்ஸ் சாயம் உப்பைக் கேட்டதில்லை. ஆகவே உலகம் கொண்டாடும் இந்த அருமையான கண்டுபிடிப்பு, நொய்யலைக் கெடுத்த உப்பை ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை. பருத்தியின் இழை கரியமில வாயுவில் தளர்வதில்லை. ரியாக்டிவ் சாயம் அதில் கரைவதும் இல்லை. சீனாவின் டாலியன், சூஜோவ் நகரப் பல்கலைக்கழகங்கள் உட்படப் பல இடங்களில் இதற்கெனப் புதிய சாய மூலக்கூறுகளை ஆராய்கிறார்கள். ஆனால் ஆலையில் அன்றாடம் ஓடும் பருத்தி முறை இன்னும் உருவாகவில்லை. தொழிலின் மையமான கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.

பிற வழிகள்

மற்ற முறைகளையும் இதே அளவுகோலால் பார்க்கலாம்.

இழை உருவாகும் முன்பே உருகிய பாலியெஸ்டரில் நிறமியைக் கலந்துவிடுவது ஒரு முறை. விஸ்கோஸ் கரைசலிலும் இதைச் செய்கிறார்கள். இழை நிறத்தோடே பிறக்கிறது, சாயப்பட்டறையே தேவையில்லை. விஸ்கோஸுக்கு இது உப்பையும் மிச்சப்படுத்துகிறது, ஏனெனில் அதுவும் பருத்தியைப் போல் ரியாக்டிவ் சாயம் கேட்கும் செல்லுலோஸ்தான். குறை என்னவென்றால் நிறத்தை மாதக்கணக்கில் முன்பே முடிவுசெய்ய வேண்டும், டன் கணக்கில் வாங்க வேண்டும். பள்ளிச் சீருடை, கறுப்பு, கருநீலம் போன்று மாறாமல் தேவைப்படும் நிறங்களுக்கு இது ஏற்ற வழி.

அச்சிட்ட காகிதத்திலிருந்து வெப்பத்தால் சாயத்தை ஆவியாக்கித் துணிக்கு மாற்றும் சப்ளிமேஷன் முறை திருப்பூருக்கு நன்றாகத் தெரிந்ததுதான். விளையாட்டு ஜெர்ஸிகள் இன்று அப்படித்தான் நிறம் பெறுகின்றன. அலசலே கிடையாது. ஆனால் அதுவும் பாலியெஸ்டருக்கானது, காகிதம் கழிவாக மிஞ்சும்.

பருத்திப் பக்கம் வந்தால் முதலில் நுரை முறை. தண்ணீரின் பெரும்பங்கை நீக்கிவிட்டு, வாயுவைப் புகுத்திச் சாயத்தை நுரையாக்கி நூலின் மீது படியவைக்கிறார்கள். ஸ்பெயினின் தெஹீதோஸ் ரோயோ ஆலை நூலுக்கு நுரையில் இண்டிகோ ஏற்றும் முறையைக் கொண்டுவந்தது. அந்த டெனிமை ராங்ளர் நிறுவனம் 2019-இல் சந்தைப்படுத்தியது. காற்றுப் பட்டால் இண்டிகோ நிறம் மாறிவிடும் என்பதால் ஆக்சிஜன் நுழையாமல் அதை ஏற்றுகிறார்கள். டெனிமுக்கு இது பெரிய முன்னேற்றம். இழுத்தால் நீளும் பனியன் துணிக்கு இதைக் கொண்டுவரத் தனி உழைப்பு தேவை.

நிறமியை டிஜிட்டல் முறையில் நேரே பருத்தியில் அச்சிட்டு, பைண்டரால் ஒட்டி, சூடாக்கி நிறுத்தும் முறையும் உண்டு. உப்பு இல்லை, அலசல் இல்லை. நிறம் மேற்பரப்பிலேயே நிற்பதால் உரசினால் தேய்வதும், துணி கொஞ்சம் விறைப்பதும் குறைகள்.

உப்புக் கணக்கில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது ஐந்தாவது வழி. அதற்குத் தண்ணீரில்லா முறை என்ற பெயர் பொருந்தாது. பருத்தியின் எதிர்மின் தன்மையையே முன்கூட்டி மாற்றிவிடுவது. நேர்மின் குழுக்களைப் பஞ்சோடு பிணைத்துவிட்டால் சாயத்தைப் பஞ்சே இழுத்துக்கொள்ளும். உப்பு தேவைப்படாது, வீண் சாயம் குறைவதால் அலசலும் குறையும். 2021-இல் ரால்ஃப் லாரன் நிறுவனமும் டவ் நிறுவனமும் சேர்ந்து இவ்வகை முறை ஒன்றைக் கொண்டுவந்து, செய்முறைக் கையேட்டை மற்றவர்களும் பயன்படுத்தும்படி வெளியிட்டன. துணி முழுவதும் நிறம் சமமாக ஏறுவது கடினம், அந்த முன்வேதிப்பொருளையும் கவனமாகக் கையாள வேண்டும். ஆனாலும் இது இன்றுள்ள சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்திலேயே செய்யக்கூடியது. சிறிய பட்டறைக்கும் எட்டக்கூடியது.

இரண்டு எச்சரிக்கைகள்

தண்ணீர் இல்லை என்பதாலேயே ஒரு முறை தூயதாகிவிடாது. 1960-களிலும் 70-களிலும் தண்ணீருக்குப் பதில் பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பானில் சாயமேற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் மிச்சமாயிற்று. ஆனால் அந்தக் கரைப்பானை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. அண்மையில் டி5 என்ற சிலிக்கோன் திரவத்தில் பருத்திக்கு உப்பின்றிச் சாயமேற்றும் ஆய்வுகள் சீனாவில் நல்ல பலன் காட்டியிருக்கின்றன. அதே டி5 சுற்றுச்சூழலில் எளிதில் சிதையாமல் தங்குகிறது என்பதால், கழுவிவிடும் அழகுப்பொருள்களில் அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. உப்பை விரட்டி அதைவிட நெடுநாள் தங்கும் ஒன்றைக் கூட்டி வந்துவிடக் கூடாது.

இரண்டாவது எச்சரிக்கை பாலியெஸ்டரைப் பற்றியது. உலகில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கும் மேல் பாலியெஸ்டர்தான். திருப்பூரும் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. செயற்கை இழை ஆடைகளுக்கும் தொழில்நுட்பத் துணிகளுக்கும் ஒன்றிய அரசு 2021-இல் 10,683 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. வரும் பாலியெஸ்டருக்குக் கரியமில வாயு முறை வரட்டும், அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் தண்ணீர் மிச்சம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, மக்கிப் போகும் பருத்தியை விட்டுவிட்டு, பெட்ரோலியத்தில் பிறந்து ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிழைகளை உதிர்க்கும் துணிக்கு மாறச் சொன்னால் அதை ஏற்க முடியாது. பருத்திக்கு வழி காணாமல் பருத்தியைக் கைவிடுவது தீர்வாகாது.

செய்ய வேண்டியவை

முதலாவது, வாங்குவோர் பொறுப்பு. ஆர்டர் தாளில் நிறத்தின் எண் இருக்கிறது, தையலின் நுணுக்கம் இருக்கிறது. கிலோ துணிக்கு எத்தனை கிராம் உப்பு, எத்தனை லிட்டர் தண்ணீர், எவ்வளவு எரிபொருள் என்ற மூன்று எண்களையும் அதில் எழுதச் செய்ய வேண்டும். அடர்நிறத்தைக் கேட்பவர் அதன் உப்புக்கும் விலை தர வேண்டும். இன்று அந்த விலையைப் பட்டறைக்காரர் கொடுக்கிறார், அவருக்கு முன்பு நொய்யல் விவசாயி கொடுத்தார்.

இரண்டாவது, கூட்டு முதலீடு. 250 பார் தாங்கும் எஃகுக் கலத்தைத் தனியொரு சிறு பட்டறை வாங்க முடியாது. ஆனால் செலவைப் பகிர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டி நடத்திய அனுபவம் திருப்பூருக்கு உண்டு. கழிவுக்காகக் கூடியவர்கள் சாயத்துக்காகவும் கூடலாம். பாலியெஸ்டருக்கு ஒரு பொதுச் சாயக்கூடம், அதை இயக்கும் தொழிலாளர்களுக்கு உயர் அழுத்தப் பாதுகாப்புப் பயிற்சி, அதற்கு முன்பு தந்ததைப் போல் வட்டியில்லா அரசுக் கடன் என்று தொடங்கலாம்.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமானது, ஆராய்ச்சி. பாலியெஸ்டருக்கு விடை ஜெர்மனியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்து, நெதர்லாந்தில் இயந்திரமாகி, தாய்லாந்திலும் தைவானிலும் தொழிலாயிற்று. பருத்திக்கான விடையை வேறு யாரும் நமக்காகக் கண்டுபிடித்துத் தருவார்கள் என்று காத்திருக்கக் கூடாது. பருத்தியை நூற்று, பின்னி, சாயமேற்றி, தைத்து அனுப்பும் முழுச் சங்கிலியும் ஒரே மண்டலத்தில் இருக்கிறது. வேதியியல் துறைகளும் துணிநூல் கல்லூரிகளும் அருகிலேயே இருக்கின்றன. உப்பின் விளைவைத் தன் தோட்டத்தில் அளந்து காட்டக்கூடிய விவசாயியும் இங்கேதான் இருக்கிறார்.

ஆகவே இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவோடு நிறுத்தாமல், உப்பில்லாமல் பருத்திக்குச் சாயமேற்றும் ஆய்வுக்கு ஒரு மாணவருக்கேனும் உதவித்தொகை வழங்குங்கள். அந்த மாணவர் தம் ஆய்வின் பாதிக் காலத்தைச் சாயப்பட்டறையிலும் பாதிக் காலத்தை ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே உள்ள தோட்டங்களிலும் செலவிட வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். இரு பக்கமும் ஏற்றுக்கொள்ளும் முறையே நிலைக்கும். அந்த முறை இந்த மண்டலத்திலிருந்தே வர வேண்டும், வரும் என்றும் நம்புகிறேன்.